சின்னம்: கட்டில்

ஏழாண்டு எனக்கு ரஞ்சனி என்று பெயர்.
செய்தித்தாள் வைத்தது.
பக்கத்திலேயே
பெயர் மாற்றப்பட்டுள்ளது என்றும் போட்டிருந்தார்கள்.
சட்டம் நல்லதுக்குத்தான் அப்படிச் சொல்கிறது.
ஆனால் ஏற்காட்டுக்கு அப்பால், எங்கள் வேலாங்காட்டில்,
காப்பிப் பழம் எடைபோடும் மேடையில்
என் மூட்டையைப் பிடிக்க ஒரு கை நீளவில்லை.
யாரந்த ரஞ்சனி என்று யாருமே கேட்கவில்லை.
எல்லாருக்கும் தெரியும் என்பது
அதிலிருந்தே தெரிந்தது.

வழக்கு கீழே, சேலத்தில்.
மாதம் ஒருமுறை முதல் பஸ்.
இருபது கொண்டை ஊசி.
இறங்க இறங்கப் பலகையில் எண் குறையும்,
வாய்தா மட்டும் கூடிக்கொண்டே போகும்.
அஸ்தம்பட்டி கோர்ட் மரத்தடியில்
என்னைப்போல் இன்னும் மூன்று பேர்.
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பொடி வைத்து ஊதும் பிரமிளா,
ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலையில் மாவு காயவைக்கும் ஷகிலா,
கடைசிவரை பேர் சொல்லாத ஒருத்தி.
முதலில் தண்ணீர் பாட்டில் கைமாறியது.
பிறகு வக்கீல் நம்பர்.
பிறகு எந்த ஸ்டேஷனில் எந்த ஏட்டம்மா
காதுகொடுத்துக் கேட்பாள் என்பது.
அப்புறம்தான் சிரிப்பு.
கோர்ட் வாசலில் சிரிக்கலாமா என்றார் ஒரு காவலர்.
சிரிக்கலாம்.

தீர்ப்பு வந்தது. அவனுக்குப் பத்து வருஷம்.
மதிய பஸ்ஸில் ஏறி வந்து
ஆட்டை அவிழ்த்து வேறிடத்தில் கட்டினேன்.
வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

தலைவர் பதவி பெண்களுக்கு என்று
அறிவிப்பு ஒட்டிய வாரம்
பிரமிளா போனில் சொன்னாள்: நீ நில்லு.
என்னத்தச் சொல்லி ஓட்டுக் கேக்கறது?
ஜட்ஜ் முன்னாடி ரெண்டு தடவ சொன்னவ நீ,
மைக்கு என்ன பெரிசு?

சின்னம் குலுக்கலில் வந்தது.
ஒருத்திக்கு ஏணி. ஒருத்திக்கு ஆட்டோ.
எனக்குக் கட்டில்.
அலுவலகத்தில் ஒரு விநாடி சத்தமில்லை,
பின்வரிசையில் ஒரு செருமல்.
டீக்கடையில் செருமல்கூட இல்லை, நேராகச் சிரிப்பு.
அன்றிரவு நான் சாப்பிடவில்லை.
மறுநாள் நோட்டீஸ் அடிக்கும் பையன்
படத்தைச் சின்னதாப் போடட்டுமாக்கா என்றான்,
என் முகத்தைப் பார்க்காமல்.
பெருசாப் போடு என்றேன்.

பதினொரு ஊரிலும் ஒரே பேச்சு:
கட்டில்ல பிள்ளை பெறுவோம். சாகக் கெடப்போம்.
பகலெல்லாம் பழம் பறிச்சுட்டு வந்து
இடுப்ப நீட்டுவோம்.
தாழ்ப்பாள எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்காம
ஒருத்தி விடியவரைக்கும் தூங்கணும்.
அதுக்குத்தான் ஓட்டுக் கேக்கறேன்.
வேற எதுக்கும் இல்ல.
தண்ணிக்கும் கேக்கறேன்.

வாக்குச்சீட்டில் அச்சாகியிருந்தது: தீர்த்தாயி.
ஓர் எழுத்தும் மாற்றப்படவில்லை.
நாற்பத்தொரு ஓட்டு வித்தியாசம்.

முதல் கிராமசபை, முதல் தீர்மானம்:
மிளகுக் கிடங்கு வளைவில் விளக்கு.
அங்க வீடே இல்லியே என்றார் மின்வாரியத்துக்காரர்.
வழி இருக்கு என்றேன்.
முதலில் கை தூக்கியவள்
எடைமேடைக்காரரின் பெண்டாட்டி.
நான் எதையும் மறக்கவில்லை.
அந்தக் கையையும் சேர்த்து எண்ணிக்கொண்டேன்.

நேற்று ராத்திரி கதவைத் தட்டினார்கள்.
ஒரு தாய், ஒரு பெண். பதினேழு இருக்கும்.
வரக்காப்பி போட்டேன்.
ஒன்றே ஒன்று கேட்டேன்:
துணிய அலசிடலயே?
அப்படியே காகிதத்துல சுத்தி வை.
கட்டிலை அவளுக்கு விட்டுவிட்டு
கதவை ஒட்டிப் பாய் போட்டுக்கொண்டேன்.
அவள் தூங்கினாளா தெரியாது. நான் தூங்கவில்லை.

விடியுமுன் முதல் பஸ்.
ஜன்னலோரம் அவள், மடியில் எலுமிச்சம்பழம்.
பதினான்காம் பலகை தாண்டியதும் கேட்டாள்:
என் பேர என்னன்னு போடுவாங்க?
வேற ஏதாவது.
உங்களுக்கு என்ன போட்டாங்க?
ரஞ்சனி.
பழத்தை ஒருமுறை முகர்ந்து பார்த்தாள்.
நல்லாவே இல்லக்கா.

பதின்மூன்று. பன்னிரண்டு.
கீழே சேலம் இன்னும் விளக்கை அணைக்கவில்லை.